வாத்தியாரின் பன்னிரண்டு பொத்தான்கள்

வாத்தியாருக்குப் பேச்சு நின்று நாற்பது நாளான ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய தங்கை பல்பு, நீல நிறப் பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தாள். டப்பாவில் சாப்பாடு இல்லை. மூடியில் பன்னிரண்டு ஓட்டை போட்டிருந்தாள். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பலகையும், சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி ஒரு கொத்து வயரும் இருந்தன.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு வாயாலேயே வண்டி ஓட்டினார் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் ஓயாது. தெருவில் எவன் எப்படி வண்டியைத் திருப்பினான் என்பதில் தொடங்கி, மனைவி கத்தரிக்கோலை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பது வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார். அப்படிப்பட்டவர் ஒரு காலையில் முகம் கழுவும்போது தொட்டியைப் பிடித்தபடி சரிந்தார். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். வலது கை தொங்கிவிட்டது, வலது கால் இழுத்தது. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் 'த... த...' என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு படஅட்டை கொடுத்திருந்தார்கள். டம்ளர் படம், கட்டில் படம், கழிவறைப் படம். மனைவி அதை அவர் முன்னால் நீட்டியபோது இடது கையால் தட்டிவிட்டார். அது தையல் மிஷினுக்கு அடியில் போய் விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் அவள் பட்டறை. ஜன்னல் ஓரம் மிஷின், சுவரோரம் வெட்டின துணி மூட்டைகள், நடுவில் இப்போது வாத்தியாரின் நாற்காலி. மழைக்காலம் ஆனதால் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தாள். அறையில் புதுத்துணி வாசனையும் தைல வாசனையும் கலந்து கிடந்தன.

"இது என்ன, புதுப் பொம்மையா?" என்றாள் தையல்காரி.

பல்பு சிரித்தாள். பல்பு என்பது அண்ணன் வைத்த பேர். ஆறு வயதில் வீட்டுப் பல்புகளை எல்லாம் கழற்றி வரிசையாக அடுக்கி வைத்ததற்காக வைத்தது, முப்பத்தைந்து வயதிலும் போகவில்லை. ஃபேன் கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலை அவளுக்கு. வேலை முடிந்து வந்தால் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இந்தப் பலகைகளோடு மல்லுக்கட்டுவாள். கடையில் மைக்ரோகண்ட்ரோலர் போர்டு என்று கேட்டால் கொடுப்பார்கள். கம்ப்யூட்டரில் எழுதி அதற்குள் ஏற்றிவிட்டால், எழுதினதை எழுதினபடி செய்யும். அவள் செய்த முதல் சாமான் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. அது ஊற்ற ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. கீழ்வீட்டுக் கூரை ஊறிவிட்டது. அடுத்தது, யார் வந்தாலும் எரிகிற வாசல் விளக்கு. அது பூனைக்கும் எரிந்தது, காற்றுக்கும் எரிந்தது. "என் தங்கச்சி வீட்டுல வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்ல" என்று வாத்தியார் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

"அண்ணி, ஒரு பொத்தானை அமுக்கினா ஒரு வார்த்தை பேசும். அண்ணனுக்கு இடது கை நல்லாத்தானே இருக்கு" என்றாள் பல்பு.

"யார் பேசுவா?"

"அதான் பிரச்சினை. ஆம்பளைக் குரல் வேணும்னு கீழ்வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். பேசிக் கொடுத்தாரு. கேளுங்க."

பெட்டி கரகரத்தது. 'எனக்கு, மிகவும், பசியாக இருக்கிறது.' செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது.

வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தையல்காரிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"ஏம்மா, அந்த ஆளு குரல்ல என் வீட்டுக்காரர் என்கிட்ட சாப்பாடு கேக்கணுமா? நான் போட மாட்டேன்."

"அப்ப அண்ணன் குரலே வேணும். உங்க போன்ல அவர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஏதாவது இருக்கா?"

"எனக்கா? எனக்கு எதுக்கு அனுப்பப் போறாரு? நேர்லயே கத்துவாரு."

பல்பு கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "என் போன்ல இருக்கு. நிறைய இருக்கு. நானே வெட்டி எடுத்துட்டு வரேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு பெட்டியில் ஆறு பொத்தான்கள் உட்கார்ந்திருந்தன. உள்ளங்கையால் அடித்தாலும் தாங்குகிற பெரிய பொத்தான்கள். பல்பு பெட்டியை வாத்தியார் மடியில் வைத்தாள். அவர் சந்தேகத்தோடு ஒன்றை அமுக்கினார்.

'வேணாம்வேணாம்வேணாம்!'

அவர் குரலேதான். தையல்காரி கையிலிருந்த துணி நழுவியது. நாற்பத்தேழு நாள் கழித்து அந்தக் குரல் அறைக்குள் வந்து விழுந்ததும் அவள் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு தடவைதானே அமுக்கினாரு? ஏன் மூணு தடவை கத்துது?" என்று மட்டும் கேட்டாள்.

"பொத்தான் உள்ளே துள்ளுது அண்ணி. நமக்கு ஒரு அமுக்கு. அந்த போர்டு ரொம்ப வேகம், துள்ளறதையும் சேர்த்து எண்ணிடுது. கொஞ்ச நேரம் பொறுத்துக்கோன்னு எழுதிட்டா சரியாயிடும்."

"உங்க அண்ணன் எப்பவும் மூணு தடவைதான் சொல்வாரு. அந்த ஒண்ணு மட்டும் அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

வாத்தியார் தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டார். சிரிப்பு என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

ஆறு வார்த்தைகள்: வேணாம். சரி சரி. மெதுவா. எங்க இருக்க? கதவைச் சாத்து. அப்புறம், பயப்படாத. கடைசியது காரோட்டக் கற்க வந்த யாருக்கோ சொன்னது, தங்கைக்கு அனுப்பிய மெசேஜில் நடுவே விழுந்திருந்தது. இருநூறு மெசேஜைக் கேட்டும் 'பசிக்குது' என்ற வார்த்தை பல்புவுக்குக் கிடைக்கவில்லை. 'வலிக்குது' கிடைக்கவில்லை. 'தண்ணி குடு' கூடக் கிடைக்கவில்லை. தனக்கென்று ஒன்று வேண்டும் என்று அந்த மனுஷன் வாய்திறந்து கேட்டதாகவே தெரியவில்லை.

இருந்ததை வைத்து ஒப்பேற்றினார்கள். டீ சூடாக இருந்தால் 'மெதுவா'. தையல்காரி சமையலறையில் அதிக நேரம் இருந்தால் 'எங்க இருக்க?' உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் காலை மடக்கும்போது 'வேணாம்வேணாம்வேணாம்'. அவள் விடாமல் மடக்கினால், 'பயப்படாத' என்று அவளுக்கே ஆறுதல். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் நான்கு பொத்தானைத்தான் அவர் தொட்டார். வலது ஓரத்து இரண்டும் சும்மா கிடந்தன. வயர் விட்டுப்போயிருக்குமோ என்று பல்பு இரண்டு தடவை பிரித்துப் பார்த்தாள்.

"வயர்ல ஒண்ணும் இல்ல" என்றாள் தையல்காரி. "சாப்பிடும்போது பாரு. தட்டுல வலது பாதியைத் தொடவே மாட்டாரு. அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லங்கற மாதிரி. நான் தட்டைத் திருப்பி வைப்பேன், மிச்சத்தைச் சாப்பிடுவாரு. அந்தப் பக்கம் இருக்கறது அவருக்குத் தெரியல."

பல்பு அவளையே பார்த்தாள். "டாக்டர் சொன்னாரா?"

"யாரும் சொல்லல. மூணு வேளை நான்தானே போடறேன்."

பெட்டியை மடியில் வைக்காமல், நாற்காலியின் இடது கைப்பிடியில் கட்டினார்கள். தையல்காரி அதற்கு உறை தைத்தாள். பொத்தானைச் சுற்றி ஒவ்வொரு நிறத்தில் துணி வளையம் வைத்தாள்: வேணாமுக்குச் சிவப்பு, சரிக்குப் பச்சை. "என் வாழ்நாள்ல எத்தனையோ பொத்தான் தெச்சிருக்கேன், பேசற பொத்தான் இதுதான் முதல்" என்றாள். அன்றைக்கு ஆறும் வேலை செய்தன. நாத்தனாரும் அண்ணியும் அப்படி ஒரே வேலையில் தலையைக் கொடுத்து உட்கார்ந்தது கல்யாணமாகி வந்த பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அதற்கு அடுத்த ஞாயிறு நல்ல மழை. பல்பு ஜன்னலோரம் சால்டரிங் இரும்பைச் சூடாக்கி ஏழாவது பொத்தானுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் இரும்பு, ஒரு கையில் கம்பி.

"அண்ணி, சும்மாதானே இருக்கீங்க. என் போன்ல 'பசிக்குது' கிடைக்குதான்னு தேடுங்களேன். போன வருஷத்து மெசேஜா பாருங்க. பழசுதான் நல்லாத் தெளிவா இருக்கும்."

தையல்காரி போனை எடுத்தாள். பழையதுக்கு மேலே போக வேண்டுமா, கீழே போக வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கைக்கு வந்ததை அமுக்கினாள்.

'பல்பு, ரெண்டு நாளா வலது கை மரத்துப்போகுதும்மா. ஸ்டியரிங்ல பிடி நிக்க மாட்டேங்குது. அண்ணிகிட்ட மூச்சு விட்டுடாத. அந்த யூனிஃபார்ம் ஆர்டர் முடியட்டும். சொன்னா மிஷினை அப்படியே போட்டுட்டு என்னை இழுத்துட்டு ஓடுவா.'

பல்பு இரும்பைக் கீழே வைத்தாள். தையல்காரி அடுத்ததை அமுக்கினாள். அது பல்புவின் குரல்: 'நாளைக்கே போய்க் காட்டுண்ணா. விளையாடாத.' அதற்கு அடுத்தது அவர்: 'சரி சரி.'

பச்சை வளையத்துப் பொத்தானின் அதே சரி சரி. அதே இழுப்பு, அதே சலிப்பு.

"எப்ப வந்தது இது?" என்றாள் தையல்காரி.

"அண்ணி..."

"தேதி போட்டிருக்கு, எனக்கும் படிக்கத் தெரியும். அவரு விழறதுக்கு ஆறு நாள் முன்னாடி. ஆறு நாள்! உனக்குத் தெரியும். நான் ஆஸ்பத்திரி வராந்தால உக்காந்து, முன்கூட்டியே ஒரு அறிகுறியும் இல்லையேன்னு அழுதேன். நீ என் பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக் கொடுத்த."

"போகச் சொன்னேன் அண்ணி. போவாருன்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை! போன் பண்ண வேணாம், கீழே நின்னு கத்தியிருந்தாக்கூடப் போதும். அந்த ஆர்டர் என்னாச்சு தெரியுமா? பாதிகூட முடியல. வெட்டின துணியை அப்படியே மூட்டை கட்டித் திருப்பிக் கொடுத்தேன். அதுக்காகவா?"

'மெதுவா' என்றது பெட்டி.

இரண்டு பேரும் திரும்பினார்கள். வாத்தியார் இடது கையைப் பொத்தான்மேல் வைத்திருந்தார். முகம் சிவந்திருந்தது. மறுபடி அமுக்கினார். 'மெதுவா.'

"நீங்க வாயை மூடுங்க!" என்றாள் தையல்காரி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. பல்பு குனிந்தபடியே பேசினாள்.

"அழிச்சுடலாம்னு எத்தனையோ தடவை எடுத்தேன் அண்ணி. அதுக்கப்புறம் அவர் எனக்கு ஒண்ணும் அனுப்பல. கடைசியா பேசினது அதுதான். அழிக்க முடியல."

"நீ கிளம்பு" என்றாள் தையல்காரி. சத்தம் போடவில்லை. "இப்பவே கிளம்பு."

பல்பு இரும்பு ஆறும்வரைகூட நிற்கவில்லை. ஈரத்துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, குடையை மறந்துவிட்டு இறங்கிப் போனாள். தையல்காரி பெட்டியை நாற்காலியிலிருந்து அவிழ்த்து ஃபிரிட்ஜ் மேலே வைத்தாள். அந்தச் 'சரி சரி'யை இனி கேட்க முடியாது என்று தோன்றியது.

நான்கு நாள் வீடு சத்தமில்லாமல் இருந்தது. அவள் கஞ்சி கொடுத்தாள், குடித்தார். தட்டைத் திருப்பினாள், சாப்பிட்டார். துடைத்துவிட்டாள், துணி மாற்றினாள். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. முகத்தை மட்டும் பார்க்கவில்லை. உடற்பயிற்சிப் பெண் வந்து, "எங்க அந்தப் பெட்டி? இன்னிக்கு எனக்குத் தைரியம் சொல்ல ஆளில்லையே" என்றபோது, "ரிப்பேர்" என்றாள். காலை மடக்கியபோது வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் மதியம் துணி மூட்டை வந்திருப்பதாகக் கீழேயிருந்து கூப்பிட்டார்கள். லிஃப்ட் இல்லாத கட்டிடம். கொண்டுவந்த ஆள் மேலே ஏற மாட்டேன் என்றான். அவனோடு வாதாடி, மூட்டையைப் பிரித்து எண்ணி, ஈரம் பட்ட துணியை ஒதுக்கி, மிச்சத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு அவள் படி ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

'எங்க இருக்க?'

மேலேயிருந்து கேட்டது. அவர் குரல். பெட்டியை மறந்தே போயிருந்தாள். வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கூப்பிடுவாரே, அந்தக் குரல்.

'எங்க இருக்க? எங்க இருக்க?'

"தோ வந்துட்டேன்!" என்று கத்தினாள். மூட்டையைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

வாத்தியார் சமையலறைத் தரையில் ஃபிரிட்ஜில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்காலியிலிருந்து அங்கே ஏழெட்டு அடி. எப்படி வந்தாரோ, எதைப் பிடித்து எட்டினாரோ தெரியவில்லை. முட்டி தோலுரிந்திருந்தது. பெட்டி மடியில் கவிழ்ந்து, மூடி ஒரு பக்கம் திறந்து, ஒரு வயர் வெளியே தொங்கியது. அவர் கை இன்னும் பொத்தானில் இருந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து முட்டியைப் பார்த்தாள், இடுப்பை அமுக்கிப் பார்த்தாள், தலையைத் தடவிப் பார்த்தாள். "வலிக்குதா? எங்க வலிக்குது?" அவர் இல்லை என்று தலையாட்டினார். பொத்தானை அமுக்கினார். அவளைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் பார்த்தார்.

'எங்க இருக்க?'

"இங்கதானே இருக்கேன்..." என்றவள் நிறுத்தினாள். "ஓ. என்னைக் கேக்கலையா?"

அவர் கண் வாசலிலேயே இருந்தது.

சாயங்காலம் அவள் ஃபேன் கம்பெனி விடுகிற நேரம் பார்த்து போன் பண்ணினாள். "கீழே விழுந்து ஒரு வயர் விட்டுப்போச்சு. வந்து பாரு" என்றாள். "உன்மேல எனக்குக் கோவம் போகல. அது எப்பப் போகும்னும் தெரியாது. அவருக்கு வேண்டியிருக்கு, வா."

பல்பு கம்பெனிச் சட்டையோடு, வீட்டிலிருந்து சாமான் பையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். விரல் நுனிகளில் கம்பி சுற்றின வடு சிவப்பாக இருந்தது. உட்கார்ந்து வயரை ஒட்டினாள். தையல்காரி டீ போட்டு மூன்று பேருக்கும் வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்து வாத்தியாருக்கு நேரே, அவர் இடது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க தங்கச்சிகிட்ட சொல்லத் தெரிஞ்சுது. ஏன் என்கிட்ட சொல்லல?"

அவர் கை பெட்டிக்குப் போனது. ஒவ்வொரு பொத்தானாக விரல் நகர்ந்தது. சிவப்பு, பச்சை, நீலம். எதையும் அமுக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து போனது. பிறகு கையை எடுத்து மேஜையில் கிடந்த பல்புவின் போனைத் தட்டினார்.

"போன் வேணுமா அண்ணா?" என்றாள் பல்பு.

மறுபடி தட்டினார். பிறகு காதைத் தொட்டுக் காட்டினார்.

"மெசேஜைப் போடணுமா?"

தலையாட்டினார்.

பல்பு ஒவ்வொன்றாகப் போட்டாள். 'சாவியை எதிர்வீட்டுல குடுத்திருக்கேன்.' அவர் தலையை ஆட்டினார், இல்லை. 'இன்னிக்கு ஒருத்தன் ரிவர்ஸ் எடுக்கறேன்னு சுவத்தை இடிச்சுட்டான்.' இல்லை. 'உன் செடி மெஷின் எப்படி இருக்கு, நீச்சல் கத்துக்கிச்சா?' இல்லை, ஆனால் உதடு கோணிச் சிரித்தது. டீ ஆறியது. தையல்காரி எழுந்து படியில் விட்ட மூட்டையைக் கொண்டுவந்து, சாரலில் நனைந்த துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு வந்தாள். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி, சாவி, மழை, பிரேக் ஆயில். ஒரு மனுஷன் தன் தங்கையிடம் மூன்று வருஷமாகப் பேசியதெல்லாம் அந்த அறையில் ஒரு மணி நேரமாகக் கொட்டியது.

'ஐயோ, மறந்தே போயிட்டேம்மா. பஸ் ஸ்டாப்புலயா நிக்கற இன்னும்? என் தப்புதான். என் தப்புதான், கோவிச்சுக்காத.'

வாத்தியார் மேஜையை ஓங்கித் தட்டினார்.

"இதுவா?"

மறுபடி தட்டினார்.

பல்பு பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து அந்தத் துண்டை வெட்டினாள். வெட்டும்போது 'பஸ் ஸ்டாப்' போனது, 'மறந்தே போயிட்டேன்' போனது. மெமரி கார்டில் ஏற்றி, பெட்டியில் செருகினாள். ஏழாவது பொத்தானுக்கு ஈயம் வைக்க ஆரம்பித்தாள். தையல்காரி எதிரே குனிந்து வயரை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

பெட்டியை அவர் பக்கத்தில் வைத்தார்கள். அவர் மனைவியைப் பார்த்தார். அமுக்கினார்.

'என் தப்புதான். என் தப்புதான், கோவிச்சுக்காத.'

மழையில் எப்போதோ பஸ் ஸ்டாப்பில் நின்ற தங்கையைச் சமாதானம் செய்த குரல் அது. கொஞ்சம் விளையாட்டுகூட இருந்தது அதில். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. கண்ணிலிருந்து நீர் இறங்கி, உணர்ச்சியில்லாத வலது கன்னத்தில் அவருக்கே தெரியாமல் ஓடியது. தையல்காரி முந்தானையால் அதைத் துடைத்தாள்.

அதோடு முடியவில்லை. அவர் பெட்டியை இடது கையால் சிரமப்பட்டுத் தள்ளி, பல்பு இருக்கிற பக்கம் திருப்பினார். அவளைப் பார்த்து மறுபடி அமுக்கினார்.

'என் தப்புதான். என் தப்புதான், கோவிச்சுக்காத.'

பல்பு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். சொல்லாதே என்று அவளிடம் வாங்கின வாக்குக்குத்தான் அது என்று தையல்காரிக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் அண்ணன் தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துணித் துண்டுகள் வைத்திருக்கும் கூடையை இழுத்து மடியில் வைத்துக் கிளறினாள்.

"அழுதது போதும், எழுந்திரு. இதுக்கு என்ன கலர் வைக்கலாம் சொல்லு. சிவப்பு, பச்சை எல்லாம் ஆயிடுச்சு."

"மஞ்சள் இருக்கா அண்ணி?" என்றாள் பல்பு, தலையைத் தூக்காமலே.

"இருக்கு. இருந்து சாப்பிட்டுட்டுப் போ. போகும்போது உன் குடையையும் எடுத்துட்டுப் போ."

மறுநாள் காலையில் வாத்தியார் இடது கையால் தானே டம்ளரைத் தூக்கப் பார்த்தார். டம்ளர் சாய்ந்து, டீ மேஜையெல்லாம் ஓடி வெட்டி வைத்திருந்த துணியில் இறங்கியது. தையல்காரி திரும்புவதற்குள் மஞ்சள் பொத்தான் பேசியது. 'என் தப்புதான். என் தப்புதான்...'

"இதுக்கெல்லாம் அதை அமுக்காதீங்க" என்றாள் அவள், துணியை உதறிக்கொண்டே. "இது துவைச்சா போயிடும்."